பச்சை முட்டையும் பச்சைப் புள்ளியும்

தெற்குத் தில்லியின் ஷாப்பூர் ஜாட், சிரிக்கோட்டையின் இடிந்த மதில்களுக்குள் வளர்ந்த ஊர். 1303-இல் தர்கியின் தலைமையில் வந்த மங்கோலியப் படை தில்லியை முற்றுகையிட்டுத் திரும்பிச் சென்றபின், அத்தகைய இன்னொரு முற்றுகையைத் தாங்கும்பொருட்டு அலாவுதீன் கில்ஜி எழுப்பிய கோட்டை அது. மங்கோலியரையும் அவர்களோடு சேர்ந்து வந்த நடு ஆசியக் குடிகளையும் ஐரோப்பியர் வேறுபாடு பாராமல் ‘தார்த்தார்’ என்றே அழைத்தனர். அந்தத் தார்த்தாருக்கு அஞ்சிக் கட்டிய மதிலின் நிழலில் இன்று தையற்கூடங்களும் சிறு உணவகங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே மீன் வறுவல் கேட்டால் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் டார்ட்டர் சாஸ் வருகிறது. பெயரைப் படைகள் கொண்டுவரவில்லை. அது பாரிசிலிருந்து இலண்டன் வழியாகச் சுற்றி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சமையலறையில் காரமும் புளிப்பும் தூக்கலான ஒரு குழம்புக்கு முரட்டுத்தனமாக ஒரு பெயர் தேவைப்பட்டது. ‘தார்த்தார்’ கைக்குக் கிடைத்தது. குதிரையேறி வந்த எவரும் அதைத் தொட்டுத் தின்றதில்லை.

இத்தகைய உணவகங்களின் பட்டியலில் அந்தச் சாஸின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ‘ஹோம்மேட்’ என்ற சொல் இருக்கும். சில இடங்களில் ஒரு பச்சைப் புள்ளியும் இருக்கும். வீட்டில் செய்தது என்பது ஒரு உறுதிமொழி. முட்டை இல்லாதது என்பது இன்னொரு உறுதிமொழி. முதலாவது கையை நம்பச் சொல்கிறது, இரண்டாவது பொருளை நம்பச் சொல்கிறது. இவ்விரண்டும் ஒரே கிண்ணத்தில் வந்து சேர்ந்த கதை தில்லியின் உணவு வரலாற்றில் சிறியதுதான். ஆனால் யாருடைய கை நம்பத்தக்கது, யாருடைய கை நம்பத்தகாதது என்று இந்த நாடு எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

முதலில் சாஸைப் பற்றி. இன்று வழக்கிலுள்ள டார்ட்டர் சாஸ் என்பது மயோனைஸில் பொடியாக நறுக்கிய கெர்கின் ஊறுகாய், கேப்பர் மொட்டு, வெங்காயம், பச்சிலை ஆகியவற்றைக் கலந்தது. மயோனைஸ் என்பதோ பச்சை மஞ்சட்கருவில் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு அடித்துத் திரட்டிய பால்மம். ஆகையால் டார்ட்டர் சாஸ் என்றாலே பச்சை முட்டை என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் பிழையானது. பிரெஞ்சுச் சமையலுக்கு இலக்கணம் வகுத்த எஸ்கோஃபியே, 1903-இல் வெளியிட்ட தம் பெருநூலில் தார்த்தார் சாஸுக்குச் சொல்லும் அடிப்படை பச்சைக் கரு அன்று. அவித்த முட்டையின் மஞ்சட்கரு. அதைப் பசையாக மசித்து, எண்ணெயும் வினிகரும் சேர்த்து, வெங்காயத்தாளின் விழுதைக் கலப்பது அவர் முறை. பிற்காலச் சமையலறைகள் மயோனைஸைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்ததால் குறுக்கு வழியில் அதைப் பிடித்துக்கொண்டன. இந்தச் செய்தி வெறும் பழம்பெருமைக்காக இங்கே சொல்லப்படவில்லை, பின்னால் பயன்படும்.

தில்லியில் முட்டை எப்போது சாஸிலிருந்து வெளியேறியது? வெளியேறிய முக்கியமான நாளைக் கிட்டத்தட்டத் தேதியோடு குறிக்கலாம். 1996 அக்டோபர் 13 அன்று வசந்த் விஹாரின் பசந்த் லோக் அங்காடியில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. உலகெங்கும் மாட்டிறைச்சியை முன்னிறுத்தும் அந்நிறுவனம், இங்கே மாட்டிறைச்சி இல்லாமல் கடை திறந்ததை அக்காலச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதின. அடுக்களையைச் சைவம், அசைவம் என இரண்டாகப் பிரித்ததையும் எழுதின. அதிகம் பேசப்படாமல் போனது மயோனைஸ். அது இந்தியாவுக்கென முட்டையின்றி வடிவமைக்கப்பட்டது. காய்கறிப் பர்கரிலும் மீன் பர்கரிலும் சாஸ் வேண்டும். சைவர் ஒருவர் தம் பர்கரில் முட்டை பட்டதாக ஐயுற்றால் கடையே கவிழும். எனவே முட்டையைத் துறப்பது எளிய வணிகத் தீர்மானம். ரொட்டியையும் சாஸையும் வழங்கியவற்றுள் ஒன்று பஞ்சாபின் கிரெமிகா. லூதியானாவில் ரஜனி பெக்டர் என்னும் இல்லத்தரசி வீட்டுக் கொல்லையில் ஐஸ்கிரீம் செய்து விற்கத் தொடங்கி வளர்ந்த நிறுவனம் அது. ‘ஹோம்மேட்’ என்ற சொல்லுக்கு உண்மையான உரிமை உள்ள சிலருள் அவரும் ஒருவர். நாடெங்கும் ஒரே சுவையாகச் சாஸைத் தரப்படுத்திய ஆலைகளுள் ஒன்று அவருடையதாக அமைந்ததும் வரலாற்றின் குறும்பு.

ஐந்தாண்டு கழித்து, 2001-இல், பொதியுணவுகளில் சைவ, அசைவக் குறியீடு கட்டாயமாயிற்று. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். அன்று பழுப்பு வட்டமாகவும் பின்னர் பழுப்பு முக்கோணமாகவும் வந்தது அசைவம். பால் சைவத்தில் நின்றது. முட்டை அசைவத்தில் சேர்ந்தது. முட்டை மட்டுமே அசைவப் பொருளாக இருந்தால் அதைத் தனியே குறிப்பிடலாம் என்று விதி இடங்கொடுக்கிறது. ஆனால் அங்காடி அடுக்கில் கண் முதலில் தேடுவது நிறத்தைத்தான். தில்லியைச் சேர்ந்த ஃபன்ஃபுட்ஸ் நிறுவனம் முட்டையில்லா மயோனைஸை வீட்டுக் குளிர்பெட்டிவரை கொண்டுசேர்த்தது. 2008-இல் ஜெர்மனியின் டாக்டர் ஓட்கர் அதை வாங்கிக்கொண்டது. பிறகு மோமோ வண்டிகள் பெருகின. லாஜ்பத் நகரிலும் மாளவியா நகரிலும் சிவப்புச் சட்னிக்குப் பக்கத்தில் வெள்ளை மயோனைஸ் வைப்பது எழுதப்படாத சட்டமாயிற்று. ஒரு தலைமுறைக்கு மயோனைஸ் என்றால் சற்றே இனிப்பான, ஸ்டார்ச்சும் கோந்தும் பால்திடமும் தாங்கி நிற்கும் அந்த வெண்பசைதான்.

அதைப் போலி என்று இகழ்வது மேட்டிமைத்தனம். முட்டையில்லா மயோனைஸ் ஒரு தொழில்நுட்பச் சாதனை. முட்டைக் கருவின் லெசித்தின் செய்யும் வேலையைப் பாற்புரதத்தையும் சாந்தன் கோந்தையும் கொண்டு செய்வித்தது. கோடைக்காலத் தள்ளுவண்டியில் பச்சை முட்டையைவிட அது பாதுகாப்பானது என்பதிலும் ஐயமில்லை. குறை அந்தப் பசையில் இல்லை. அது எந்த அச்சத்துக்கு விடையாக வந்தது என்பதை மறந்துவிட்டு, வேறொரு அச்சத்துக்கும் அதுவே ஒரே விடை என்று நம்பத் தொடங்கியதில்தான் குறை.

அந்த இரண்டாவது அச்சம் தூய்மை பற்றியதன்று, நோய் பற்றியது. 2023 சனவரியில் கேரளம் பச்சை முட்டை மயோனைஸைத் தடைசெய்தது. 2024 அக்டோபர் இறுதியில், ஐதராபாத்தில் மோமோ உண்டவர்கள் நோயுற்ற நிகழ்வை அடுத்து, தெலங்கானா ஓராண்டுக்குத் தடை விதித்தது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடும் தடை அறிவித்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த அந்த ஆணை சால்மொனெல்லா, ஈ. கோலை, லிஸ்டீரியா ஆகிய கிருமிகளின் பெயரைச் சொல்லியே காரணம் காட்டியது. காரணம் மெய்யானது. சால்மொனெல்லா கோழியின் எச்சம் ஒட்டிய ஓட்டின் வழியாகவும் வரும்; சில வகைகள் கோழியின் கருப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் நுழைந்துவிடும். பின்னதை எவ்வளவு கழுவினாலும் போக்க முடியாது. ஏறத்தாழ 7 பாகையிலிருந்து 46 பாகை செல்சியஸ் வரை அது பெருகும். தில்லியின் மே மாதம் முழுவதும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். ஹரியானாவின் பர்வாலாவிலிருந்து சரக்குந்தில் ஏறும் முட்டை, முப்பது முட்டைத் தட்டுகளில் குளிரூட்டல் ஏதுமின்றிக் கடைவாசலில் வந்து அமர்கிறது. ஷவர்மாக் கடைக்காரர் இரண்டு முட்டையையும் எண்ணெயையும் மிக்ஸியில் ஊற்றி இரண்டு நிமிடத்தில் ஒரு கிண்ணம் மயோனைஸ் எடுத்துவிடுவார்; அது மாலை முழுவதும் அடுப்பின் அனலுக்கு அருகே திறந்தே இருக்கும். குழந்தைகளும் இதை உண்கிறார்கள். தடையைக் குறைகூறுவோர் இந்தக் கிண்ணத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

தமிழில் ‘பச்சை’ என்ற ஒரே சொல் வேகாததையும் குறிக்கிறது, நிறத்தையும் குறிக்கிறது. பச்சை முட்டை என்ற கிருமி அச்சமும் பச்சைப் புள்ளி என்ற ஆசாரமும் தொடர்பற்றவை. ஆனால் அங்காடியில் இரண்டும் ஒரே புட்டியில் போய் முடிகின்றன. தடைக்குப் பிந்தைய நாளில் கடைக்காரருக்குத் தெரிந்த மாற்று ஒன்றே ஒன்றுதான்: ஆலையில் செய்த முட்டையில்லா மயோனைஸ். முட்டை உண்பதில் எந்தத் தயக்கமும் இல்லாதவரும், மதிய உணவில் முட்டை வைத்த மாநிலத்தவரும்கூட, சைவக் குறியிட்ட பொதியை நாட வேண்டியதாகிறது. நோய்க்கு அஞ்சியவருக்கு ஆசாரத்தின் மருந்து கொடுக்கப்படுகிறது. அவித்த கரு என்றொரு வழி இருந்ததையும், சூடேற்றிக் கிருமி நீக்கிய முட்டை என்றொன்று விற்கத்தக்கது என்பதையும் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

தில்லிக்கு இது புதிதன்று. 1998 ஆகஸ்டில் இந்நகரில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்து, நீர்க்கோவை நோய் பரவி, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கால்கள் வீங்கிய ஏழைகள் மருத்துவமனைகளை நிறைத்தனர். அரசு கடுகெண்ணெய் விற்பனையை நிறுத்தியது. பின்னர் உதிரியாக விற்கக் கூடாது, அடைத்து முத்திரையிட்டே விற்க வேண்டும் என்றது. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது வேறென்ன செய்திருக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் அந்த ஆணையால் பாதிக்கப்பட்டவர் கலப்படம் செய்தவர் மட்டுமல்லர். கண்ணெதிரே செக்கில் ஆட்டித் தூக்குப்பாத்திரத்தில் ஊற்றிக்கொடுத்த தெருமுனை ஆட்டுக்காரரும் பாதிக்கப்பட்டார். ஆலை முத்திரை நேர்மைக்கு ஒரே சான்றாயிற்று. முத்திரையிட வசதியில்லாதவர் ஐயத்துக்குரியவரானார். கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனைகளை வட்டாரந்தோறும் எடுத்துச்செல்லும் வேலை, பொதியைக் கட்டாயமாக்கும் வேலையைப்போல விரைவாக நடக்கவில்லை. தடை போடுவது ஒரு பக்கத் தாளில் முடிகிற காரியம். கற்றுக்கொடுப்பது அப்படி முடிவதில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒரு நாடு இருக்கிறது. 1988 திசம்பரில் பிரிட்டனின் இளநிலை நலவாழ்வு அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவைத்தார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்துக்குள் அவர் பதவி விலகினார். அவர் பேச்சு மிகையானது, ஆனால் சிக்கல் மெய். அதன்பின் பிரிட்டன் செய்தது கவனிக்கத்தக்கது. கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டனர். 1998-இல் சிங்க முத்திரைத் திட்டம் என்ற பெயரில் தடுப்பூசி, தடங்காணல், தேதியிடல் எல்லாவற்றையும் ஒன்றாக்கினர். 2017-இல் அந்நாட்டின் உணவுத்தர முகமை, சிங்க முத்திரையிட்ட முட்டையைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் முதியோரும்கூட வேகாமலோ அரைவேக்காட்டிலோ உண்ணலாம் என்று அறிவுரையை மாற்றிக்கொண்டது. ஏறத்தாழ முப்பதாண்டு பிடித்தது. அவர்கள் கோழிப்பண்ணையிலிருந்து தொடங்கினார்கள்; இங்கே கலக்கும் கிண்ணத்திலிருந்து தொடங்குகிறோம் என்கிறார்கள். பண்ணையாளரைக் கேட்பதைவிடத் தள்ளுவண்டிக்காரரைத் தடுப்பது எளிது. முட்டையோடு கிருமி வந்தால் அது பண்ணையிலிருந்து வந்தது. அபராதச் சீட்டு மட்டும் வண்டிக்கு வருகிறது.

இன்னும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. பாதுகாப்பான டார்ட்டர் சாஸுக்கு வேண்டியவற்றுள் பல இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில், உருவாகி வெளியே போகின்றன. ஈரோட்டின் எஸ்.கே.எம். நிறுவனம் முட்டையை உடைத்து, சூடேற்றிக் கிருமி நீக்கி, தூளாகவும் திரவமாகவும் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. கெர்கின் எனப்படும் சிறு வெள்ளரியின் சாகுபடி 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்துத் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. உலகிலேயே வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதியில் இந்தியாவே முதலிடம் என்று 2022 சனவரியில் இந்திய அரசு பெருமையோடு அறிவித்தது. விளைவதில் ஏறக்குறைய முழுவதும் உப்புநீரிலும் வினிகரிலும் மிதந்து கப்பலேறுகிறது. பாரிசு நகரத்தில் மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸில் தென்னிந்தியக் கரிசலின் காய் இருக்கக்கூடும். தில்லியின் ஐ.என்.ஏ. சந்தையிலோ வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கெர்கின் புட்டிகள் வெளிநாட்டு விலையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் வீட்டில் செய்பவர் ஐ.என்.ஏ. வரை போக வேண்டியதே இல்லை. கேப்பர் என்பது கப்பாரிஸ் இனத்துச் செடியின் மொட்டு. அதே இனத்தைச் சேர்ந்த கேர் என்னும் புதர் தார்ப் பாலையெங்கும் விளைகிறது. அதன் காயை இராசத்தானியர் உப்பில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கி ஊறுகாயிடுகின்றனர். கேர்–சாங்ரி என்று தில்லியில் எந்த இராசத்தான் பண்டக் கடையிலும் கிடைக்கும். தமிழ்நாட்டார் வற்றல் போட்டுக் குழம்பு வைக்கும் ஆதண்டங்காயும் அந்த இனமே. மொட்டுக்குப் பதில் காய், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தக் கடுகுநெடி கலந்த கசப்பு இரண்டிலும் உண்டு. பிரெஞ்சுக்காரர் தம் ஊர் வேலியோரத்துச் செடியைப் பறித்துப் போட்டார்கள். தில்லிக்காரர் தம் ஊர்ப் பாலைச்செடியைப் போட்டால் அது மாற்றுப்பொருள் ஆகாது, அதே தருக்கம்தான்.

செய்முறை எளிது. முனிர்காவிலும் பேர் சராயிலும் ஒற்றையறையில் ஒரு இண்டக்ஷன் அடுப்போடு காலந்தள்ளும் மாணவருக்கும் இயலும், மிக்ஸி வேண்டாம். மூன்று முட்டையைக் கொதிநீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாக அவித்து, ஆறவிட்டு உரிக்க வேண்டும். மஞ்சட்கருவை மட்டும் எடுத்து, கட்டியே இல்லாமல் கரண்டியின் முதுகால் மசிக்க வேண்டும். இதில் சோம்பினால் சாஸ் மணல்மணலாகும். அதனோடு ஒரு தேக்கரண்டி கடுகு விழுது. இங்கே தில்லிக்கென்று ஒரு வசதி இருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கென 1960-களில் உருவான குடியிருப்பு, இன்றைய சித்தரஞ்சன் பார்க். அதன் சந்தைகளில் மாலைதோறும் பேட்கி மீன் வறுவல் மணக்கும். பேட்கி என்பது தமிழரின் கொடுவாய். கொல்கத்தா கிளப்புகளில் அந்த வறுவலுக்கு டார்ட்டர் சாஸ் துணை. சந்தையிலோ புளித்த கடுகுச் சாந்தாகிய காசுந்தி. அந்தக் காசுந்தியில் ஒரு கரண்டி எடுத்து மஞ்சட்கருவில் போட்டால் கிளப்பும் சந்தையும் ஒரே கிண்ணத்தில் அமர்ந்துவிடும்.

பிறகு உப்பு, ஒரு மேசைக்கரண்டி வினிகர். அதன்மேல் சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ நூற்றைம்பது மில்லி. முதல் நான்கைந்து கரண்டியைத் துளித்துளியாக விட்டுக் கிளற வேண்டும். அவித்த கரு பச்சைக் கருவைப்போல எண்ணெயை இறுகப் பிடிக்காது, கடுகுதான் கைகொடுக்கும். அவசரப்பட்டால் எண்ணெய் பிரிந்து விளிம்பில் நிற்கும். பிரிந்தாலும் வீணில்லை. வேறொரு கிண்ணத்தில் ஒரு கரண்டி வெந்நீரும் சிறிது கடுகும் எடுத்து, பிரிந்ததைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் கூடிவரும். இறுதியில் பொடியாக நறுக்கிய கேர், வெள்ளரி ஊறுகாய், வெங்காயத்தாள். குளிர்காலமாயின் தில்லித் தெருக்களில் பாலக்கோடும் வெந்தயக்கீரையோடும் கட்டுக்கட்டாக விற்கும் ‘சோயா’ கீரை, தமிழில் சதகுப்பை. மீனுக்கு அதைவிடப் பொருந்திய இலை கிடையாது. மிஞ்சிய வெள்ளைக்கருவையும் நறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர் கிரிபீஷ் என்னும் இன்னொரு சாஸில் அப்படித்தான் செய்கின்றனர்.

மயோனைஸின் வழவழப்பே வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு. இரண்டு மஞ்சட்கரு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அதே அளவு தண்ணீர். மிகச் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, ஓரிரு இடத்தில் குமிழி எழும்பும்வரை, அதாவது 71 பாகை செல்சியஸ்வரை, சூடேற்றி உடனே இறக்கி ஆறவைத்துப் பிறகு எண்ணெய் சேர்க்கலாம். வினிகரே கிருமியைக் கொல்லும், எனவே பச்சைக் கருவில் புளிப்பைக் கூட்டினால் போதும் என்றொரு வாதம் உலவுகிறது. அதில் அறிவியல் இருக்கிறது. ஆனால் அமிலம் அந்த வேலையைச் செய்ய அளவும் வெப்பமும் நேரமும் சரியாக அமைய வேண்டும். குளிர்பெட்டியில் அது மந்தமாகவும் வெளியே விரைவாகவும் நடக்கும் என்பது ஆய்வகங்கள் கண்ட வியப்பான உண்மை. அமிலத்தன்மையை அளக்கக் கருவியில்லாத வீட்டில் இதை நம்பிக் குழந்தைக்கு ஊட்டுவது சூதாட்டம். அவித்துவிடுவது அறிவு. சாஸ் மிஞ்சினால் குளிர்பெட்டியில் ஓரிரு நாள், அதற்குமேல் வேண்டாம்.

முட்டை உண்ணாதவர் வீட்டில் தயிர். மெல்லிய துணியில் கட்டி நான்கைந்து மணிநேரம் தொங்கவிட்ட கெட்டித் தயிரில் மேற்சொன்ன நறுக்கல்களையும் காசுந்தியையும் கலந்தால் வருவது நல்ல உணவு. அதை டார்ட்டர் சாஸ் என்று அழைக்க வேண்டிய கட்டாயமில்லை. பச்சடி என்று அழைத்தாலும் அதன் மதிப்பு குறையாது; சொல்லப்போனால், ஸ்டார்ச்சால் தாங்கப்பட்ட வெண்பசையைவிட இது வீட்டுக்குரியது.

வீட்டுச் சமையலறைக்கு இவ்வளவு போதும். தெருவின் கதை வேறு. தள்ளுவண்டிக்காரரிடம் எஸ்கோஃபியேயைப் பற்றிப் பேசுவது வீண். அவருக்கு நேரமும் இல்லை, துளித்துளியாய் எண்ணெய் விடும் பொறுமைக்குக் கூலியும் இல்லை. அவருக்கு வேண்டியது கிருமி நீக்கிய முட்டைத் தூள், ஏற்றுமதிக்குரிய பெருமூட்டையாக அன்றி, ஒரு நாள் விற்பனைக்குப் போதுமான சிறு பொதியாக, கட்டுப்படியாகும் விலையில். தடையாணை வெளியிட்ட அரசுகள் அதே தாளில் இதையும் எழுதியிருக்கலாம். கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் பண்ணைகளை அடையாளம் காட்டும் முத்திரையையும் தொடங்கியிருக்கலாம். நாமக்கல்லும் பர்வாலாவும் நாள்தோறும் முட்டை விலையை அறிவிக்கின்றன. மறுநாள் காலைக்குள் அது நாடெங்கும் தெரிந்துவிடுகிறது. அவ்வளவு விரைவாக விலையை எடுத்துச்செல்லத் தெரிந்த தொழில், எந்த முட்டை எந்தப் பண்ணையிலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது என்பதை எடுத்துச்செல்ல இயலாது என்று சொன்னால் நம்புவது கடினம்.

உணவகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். கிண்ணத்தில் இருப்பது அவித்த கருவா, சூடேற்றிய கருவா, பச்சைக் கருவா, முட்டையே இல்லாததா என்பதைப் பட்டியலில் எழுதட்டும். ஷாப்பூர் ஜாட்டின் பட்டியல்களில் அதற்கு இடம் இருக்கிறது; இப்போது அங்கே ‘ஹோம்மேட்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள்.